மல்லாட்டை போடும் மெஷின்

டெல்லியில் கிடைக்காத பொருளே இல்லை என்று என் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. நான் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்த நாளிலிருந்து அந்த நம்பிக்கைக்காக ஓடிக்கொண்டிருக்கிறேன். கம்பளிப் போர்வை கேட்டார்கள், வாங்கி அனுப்பினேன். முழங்கால் வலிக்குத் தைலம் கேட்டார்கள், அதையும் தேடிப் பிடித்தேன். இந்தக் கோடையில் என் தங்கை போன் செய்து, சின்ன டிராக்டரின் பின்னால் மாட்டுகிற, விதையையும் உரத்தையும் சேர்த்துப் போடுகிற மெஷின் ஒன்று வேண்டும் என்றாள். நான் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்டி, நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யறேன். டிராக்டர் கடையில இல்ல."

"இன்னாக்கா இப்படிச் சொல்ற? வீடியோவுல காட்டறான். பின்னாடி போர்டுல டெல்லின்னு போட்டு கீது. நீதான் இந்தி பேசுவியே."

இந்தி பேசத் தெரிந்தால் கலப்பை வாங்கவும் தெரியும் என்பது அவள் நினைப்பு. கோயம்புத்தூரில் கிடைக்காதா என்று கேட்டேன். அங்கேயும் பேசிப் பார்த்தாளாம். ஆர்டர் எடுத்துக்கொள்வார்களாம், ஆனால் சீசன் முடிந்துதான் தருவார்களாம். சீசன் முடிந்த பிறகு அதை வைத்துக்கொண்டு கோலமா போடுவது?

அவளுக்கு அந்த மெஷின் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பட்ட பாடு வெறும் புலம்பலாகப் போய்விடும். திருவண்ணாமலைப் பக்கம், மழையை மட்டுமே நம்பிய கொல்லை, அதாவது புன்செய் நிலம், அவளுடையது. வேர்க்கடலைதான் வெள்ளாமை. எங்கள் ஊரில் அதை மல்லாட்டை என்போம். அவள் கணவர் ஆசையாகச் சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கி, அதன் புது வாசனை போவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. இவள் அழுது முடித்து, டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். உழவு பிரமாதமாக உழுவாள். விதைப்புதான் இடித்தது. மழை பெய்தபின் மண்ணில் ஈரம் நிற்பது கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளில் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஆள் வேண்டும். கலப்பைக்குப் பின்னால் நடந்து உழவுச் சாலில் விதை போடுகிற பெண்கள், ஆம்பிளை முன்னால் நின்று கூப்பிடுகிற வீட்டுக்குத்தான் முதலில் போவார்கள். இவள் முறை வருவதற்குள் மண் காய்ந்துவிடும். போன ஆடியில் அப்படிக் காய்ந்த மண்ணில் போட்டு, பாதிக்கு மேல் முளைக்கவில்லை.

அவள் கணவரின் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மூத்தார் என்போம். அவர் வரப்பில் நின்று மிகவும் இரக்கமாகச் சொன்னாராம்: "இந்த ஆடியும் இப்படியே போச்சின்னா சவுக்கு நட்டுடலாம்மா. நானே பாத்துக்கறேன். ஒண்டிப் பொம்பள, நீ எதுக்குக் கஷ்டப்படற?" சவுக்கை நட்டால் அது வருஷக்கணக்கில் நிற்கும். நட்டவர் கையும் அந்தக் கொல்லையை விட்டு நகராது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரக்கப்பட்டவருக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும். ஆகவே இந்த ஆடி மழைக்கு அவள் ஒருத்தியாகவே விதைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கொல்லை போனது போனதுதான்.

என் வீட்டு நிலவரம் இன்னொரு பக்கம். நாங்கள் இருப்பது ஜங்புராவில். பாராபுல்லா சாக்கடைக் கால்வாய் ஓரம் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்பை இடித்த பிறகு, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா நரேலாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து தினமும் இங்கே வந்து போக அவரால் முடியவில்லை. அதிலிருந்து ஆஸ்பத்திரியும் நான்தான், அடுப்படியும் நான்தான். என் வீட்டுக்காரர் மத்திய அரசு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். இங்கேயே மோதி பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்ப் பள்ளியில் படித்தார் என்று பெயர், அவர் தமிழில் படிப்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகை மட்டும். செருப்பில் மண் ஒட்டினால் வாசலிலேயே நின்று பினாயில் கேட்பார். மெஷின் விஷயத்தில் அவரால் உதவி இருக்கும் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

நைட் டியூட்டி முடித்த ஒரு காலையில், வீட்டுக்குப் போகாமல் நேராக மெட்ரோ ஏறி, தங்கை வீடியோவில் பார்த்த கடையைத் தேடி நஜஃப்கர் போனேன். அங்கிருந்து ஈ-ரிக்‌ஷா. அனல் காற்று முகத்தில் அடித்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "பாயி சாப் எங்கே மேடம்?" என்று இந்தியில் என் வீட்டுக்காரரைத் தேடினார். பாயி சாப் வீட்டில் பேப்பர் படிக்கிறார், மெஷினைக் காட்டுங்கள் என்றேன். முதலில் கோதுமைக்கான பெரிய மெஷினைத் தலையில் கட்டப் பார்த்தார். அது மண்ணைக் கீறுகிற கொழுக்களை வரிசையாகப் பத்துக்குமேல் வைத்துக்கொண்டு ஒரு லாரி அகலத்துக்கு இருந்தது. அதைத் தூக்கினால் என் தங்கையின் டிராக்டர் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது மட்டும் எனக்கே புரிந்தது.

சின்ன டிராக்டருக்கு என்று இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று இருந்தது. இன்னொன்று சாம்பல் நிறம், பார்க்க ஒன்றும் இல்லை. இரண்டிலும் முன்னால் உரப் பெட்டி, பின்னால் விதைப் பெட்டி. அடியில் ஒரு சக்கரம் தரையில் உருள உருள, பெட்டிக்குள் இருக்கிற தட்டு சுற்றும். தட்டின் ஓரத்துக் குழிகளில் விதை ஒவ்வொன்றாக உட்கார்ந்து, குழாய் வழியாகச் சாலில் விழும். சிவப்பு மெஷினையே கடைக்காரர் தடவித் தடவிக் காட்டினார். எது நல்லது என்று கேட்டால், இரண்டும் நல்லது என்றார். வேறு என்ன சொல்வார்?

மல்லாட்டை போட வேண்டும் என்றதும் தலையைச் சொறிந்தார். அதற்கு விதையைக் கொண்டு வந்து ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். குழி சின்னதாக இருந்தால் விதை நசுங்கும், தோல் உரிந்தால் முளைக்காது, அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். அதுவரையில் அவர் சொன்னதில் அந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

தங்கையிடம் சொன்னேன். கடைக்காரர் சொன்ன சனிக்கிழமை லாரியைத் தவறவிட்டால் மழைக்கு முன்னால் மெஷின் ஊர் சேராது என்றும் சொன்னேன். "ஆமாக்கா, அங்கத்திய மல்லாட்டை பெருசு, நம்ம விதை சிறுசு. அதை வெச்சி இதைப் பாக்க முடியாது. நான் குடுத்து அனுப்பறேன்" என்றாள். என்னோடு வேலை செய்கிற நர்ஸ் ஒருத்தி லீவில் எங்கள் ஊர்ப் பக்கம் போளூர் போயிருந்தாள். அவள் திரும்பி வரும் ரயிலில் பை வந்து சேர்ந்தது. நான் டியூட்டியில் இருந்தேன். அவள் போகிற வழியில் எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

சாயங்காலம் படியேறும்போதே வறுத்த வாசனை. பக்கத்து வீட்டில் என்னவோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் எங்கள் வீட்டில்தான். அவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, மடியில் கிண்ணம், எதிரில் டிவி.

"ஆ, வந்துட்டியா? ஊர்லேருந்து மூங்ஃபலி வந்திருக்கும்மா. அச்சா டேஸ்ட்! உப்பு, மிளகாய்த்தூள் போட்டு வறுத்தேன். மேல் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தேன்."

"மாதாவே! அது விதைங்க!"

"விதையா? மூங்ஃபலிதானே?"

"மெஷின்ல போட்டுப் பாக்க அனுப்பின விதை. வறுத்துத் தின்னுட்டு உக்காந்திருக்கீங்களே, நீங்க மனுஷன்தானா?"

"அரே, ஊர்லேருந்து வந்ததைத் தின்னாம என்ன பண்ணுவாங்க? கோயில்ல வெச்சுக் கும்பிடுவாங்களா?"

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. ஆனால் இப்போது யோசித்தால், அந்த மனிதரும் என்ன செய்வார்? பிறந்ததிலிருந்து அவருக்கு ஊர் என்பது ரயிலில் வருகிற ஒரு பை. பை வரும், அவர் அம்மா பிரிப்பார், பொடி, முறுக்கு, வடகம் என்று எடுத்துப் பங்கு போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார். அந்தப் பையில் தின்னாத பொருள் வந்ததே இல்லை. என் தங்கையின் பக்கமோ வேறு வழக்கம். எங்கள் ஊரில் தின்பதற்குக் கொடுத்தால் மல்லாட்டையை ஓட்டோடுதான் கொடுப்போம். ஓடு நீக்கி, தோல் கீறாமல், ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துணிப்பையில் கட்டினால் அது விதை. யாரும் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அவளும் சொல்லி அனுப்பவில்லை. டெல்லிக்காரருக்கு ஓடு நீக்கியிருப்பது இன்னும் வசதியாகப் போய்விட்டது, உரிக்கிற வேலை மிச்சம்.

கைப்பையோடு தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. விதைக்காக மட்டும் அழவில்லை. நின்று நின்று வீங்கின காலுக்கு, தேய்க்காமல் கிடந்த பாத்திரத்துக்கு, என்னை நம்பி அங்கே ஒருத்தி உட்கார்ந்திருப்பதற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். அவர் டிவியை அணைத்துவிட்டுக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

 "எல்லாத்தையுமா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும்தான்டி. கூரியர்ல அனுப்பறியா?"

"அது எப்போ வந்து, நீ எப்போ பாத்து? சனிக்கிழமை லாரியில ஏத்தினாத்தான் மழைக்கு முன்னாடி வந்து சேரும்னு சொன்னியேக்கா. இங்க மேகம் கட்டிக்கினு நிக்கிது." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "வுடு. அவரு சவுக்கே நட்டுக்கட்டும். எனக்கும் சலிச்சிப் போச்சி."

அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. கணவர் போன அன்றுகூட அவள் குரல் இப்படி இருந்ததில்லை. போனை வைத்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்தேன். உள்ளே வறுக்காத மல்லாட்டை, இரண்டு கைப்பிடி இருக்கும். ரோஸ் நிறத் தோலோடு, ஒன்றுகூடக் கீறாமல் இருந்தது.

"உனக்குத்தான் பல்லு வலிக்குதே. வறுத்தது கடிக்க முடியாது. நீ வந்ததும் வேக வெச்சுக் குடுக்கலாம்னு தனியா எடுத்து வெச்சேன்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. கோபம் பாதி இறங்கிவிட்டது, மீதிப் பாதி அப்படியே இருந்தது. "தண்ணியில ஊறப் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "நஹி, நஹி, நீ வரட்டும்னு இருந்தேன்" என்றார். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு அன்று மனசார நன்றி சொன்னேன்.

மறுநாள் அவரும் கூட வருவேன் என்று கிளம்பினார். தொப்பி, தண்ணீர் பாட்டில், எங்கள் கட்டிலிலிருந்து உருவின ஒரு படுக்கை விரிப்பு. விரிப்பு எதற்கு என்றேன். "விதை தரையில விழுந்தா எப்படிப் பொறுக்கறது? இருக்கிறதே கொஞ்சம்" என்றார். அது எனக்குத் தோன்றவில்லை.

கடைக்காரர் பாயி சாப்பைக் கண்டதும் முகம் மலர்ந்து சிவப்பு மெஷினிடம் அழைத்துப் போனார். விரிப்பை அடியில் போட்டு, விதையைப் பெட்டியில் கொட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றினோம். விழுந்தது. என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முதல் பிடியிலேயே பல விதைகள் இரண்டாகப் பிளந்திருந்தன, சிலது தோல் சுருண்டு வெள்ளையாக வந்தன. "இது நசுக்குது" என்றார். மெதுவாகச் சுற்றுங்கள் என்றார் கடைக்காரர். மெதுவாகச் சுற்றினாலும் நசுக்கியது. டிராக்டர் அவ்வளவு மெதுவாக ஓடாது என்றேன் நான்.

அப்புறம் உரத்தைப் போடச் சொன்னேன். கடைக்காரர் ஒரு குவளை உரத்தைக் கொட்டினார். சிவப்பு மெஷினில் உரக் குழாயும் விதைக் குழாயும் ஒரே கொழுவில் போய் முடிந்தன. உரம் விதைமேலேயே விழுந்தது. நான் வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்ட, பார்த்துக்கொண்டிருந்த தங்கை, "அய்யய்யோ, விதை வெந்துடும்க்கா! உரம் தள்ளித்தான் விழணும், விதைக்குக் கீழ கொஞ்சம் ஆழத்துல" என்று கத்தினாள். சவுக்கே நட்டுக்கட்டும் என்றவள் குரல் திரும்பி வந்துவிட்டது.

சாம்பல் மெஷினுக்கு மாறினோம். அதில் உரத்துக்குத் தனிக் கொழு, விதைக் கொழுவை விட்டு நாலு விரல் தள்ளி, கொஞ்சம் கீழே இறங்கி இருந்தது. தட்டு பிளாஸ்டிக், குழியின் அளவுக்கு ஏற்றபடி கழற்றி மாற்றலாம். முதல் தட்டில் ஒரு குழியில் இரண்டு விதை உட்கார்ந்தது. அடுத்ததைப் போடச் சொன்னார் என் வீட்டுக்காரர். அதில் விதை குழிக்குள் இறங்கவே இல்லை. இன்னொன்று கேட்டார். கடைக்காரர், ஜல்தி முடியுங்கள், வேறு ஆள் காத்திருக்கிறார் என்றார். "இருக்கட்டும், தூசரா, வேற தட்டு கொண்டு வாங்க" என்று இவர் அசையவில்லை. ஆபீசில் பில்லைப் பாஸ் பண்ணாமல் திருப்பித் திருப்பி அனுப்புவாரே, அதே முகம். வீட்டில் அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று அதைப் பார்த்துக்கொண்டே உரச் சாக்கின்மேல் உட்கார்ந்து கொஞ்சம் கண் அயர்ந்தேன்.

எழுப்பிக் காட்டினார். விரிப்பில் விதைகள் முழுசாகக் கிடந்தன. பிளந்தது ஒன்றுகூட இல்லை. நெருக்கி வைத்திருந்த கொழுக்களைக் கழற்றி, சாலுக்குச் சால் ஒரு அடி வரும்படி மாற்றச் சொன்னோம். நாலு சாலுக்குமேல் வேண்டாம், டிராக்டர் தாங்காது என்றாள் தங்கை. கடைசியில், "மாட்டற இடத்தைக் காட்டுக்கா. நான் ஒருத்தியே மாட்டணும்" என்றாள். மெஷின் தானாக நிற்க இரண்டு கால் இருந்தது, டிராக்டரைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு பக்கமும் இரும்புப் பின்னைச் செருகினால் போதும். அந்தப் பின் தன் டிராக்டரின் துளைக்குச் சேருமா என்று அவள் அங்கே நூல் வைத்து அளந்து சொன்னாள். சேர்ந்தது. இதையே எடுத்துக்கொள்கிறோம் என்றேன். சொல்லும்போது எனக்குக் குரலே எழும்பவில்லை, அவ்வளவு அசதி.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் விரிப்பில் மிச்சமிருந்த விதைகளை டப்பாவில் போட்டு மூடினார். பேன்ட் முழுக்க உரப் புழுதி, அவர் கவனிக்கவே இல்லை. இனிமேல் அது எதற்கு, வீட்டுக்குப் போய் வேக வைக்கலாம் என்றேன். "விதையாச்சேம்மா" என்றார்.

சனிக்கிழமை லாரியில் மெஷின் போனது. ஆடி பிறந்து முதல் மழை பெய்த மறுநாளே தங்கை மாட்டிவிட்டாள். ஆள் யாரையும் கூப்பிடவில்லை. பொழுது விடிந்ததிலிருந்து ஓட்டி, பொழுது சாய்வதற்குள் கொல்லை முழுவதையும் போட்டுவிட்டேன் என்று போன் செய்தாள். ஸ்டீயரிங் புடிச்சி கை மரத்துப் போச்சி, சோறு பிசைய முடியலக்கா என்றாள். முளைக்குமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.  அந்த வாரம் என் வீட்டுக்காரர் தினமும் காலையில் காபி தம்ளரோடு வந்து, "போன் வந்துதா?" என்பார். வந்தால் சொல்ல மாட்டேனா என்று எரிந்து விழுவேன்.

வந்தது. அவள் வீடியோவில் போனைக் கொல்லைப் பக்கம் திருப்பினாள். சிவப்பு மண்ணில் கோடு கிழித்தாற்போல் பச்சை, கண்ணுக்கு எட்டின மட்டும் போயிற்று. என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அப்புறம் முகம் கழுவப் பாத்ரூமுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மறுபடி கூப்பிட்டாள். ஊரில் இரண்டாம் மழை பெய்திருந்தது. இந்த வருஷம் ஊரில் ஆள் அவ்வளவு குறைவு, மூத்தாருக்கே முதல் மழையிலும் ஆள் சரியாகக் கிடைக்கவில்லை, இப்போதும் கிடைக்கவில்லை. அவர் கொல்லை பாதி சும்மா கிடக்கிறதாம்.

"காலையில வந்தாருக்கா. மொளைச்சி நிக்கிறதைப் பாத்துக்கினே இருந்தாரு. அப்புறம், 'மெஷினைக் குடும்மா, என் வண்டியில மாட்டிக்கினு போறேன்'னாரு."

"குடுத்துட்டியா?"

"மெஷின் தனியா வராது மாமா, என்கூடத்தான் வரும்னேன். நானே ஓட்டிக்கினு வந்து உங்க கொல்லையையும் போட்டுத் தரேன்னேன்."

"அதுக்கு இன்னாடி சொன்னாரு?"

"நான் வண்டியை எடுத்தேன். அவரு வரப்புமேல ஏறி நின்னு வழி வுட்டாரு."

டப்பாவில் இருந்த தயிர்சாதம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வழி வுட்டாரா?" என்று இன்னொரு தரம் கேட்டேன்.

"வுட்டாருக்கா" என்றாள்.